படம் எப்படிம்மா இருந்துச்சு?

பைரோஸ் படம் பார்ப்பதில்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களைப் பிடிப்பதுதான் அவன் வேலை. கள்ளக்குறிச்சியில் எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சி முடிகிற நேரத்துக்குத் தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்பான். "படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பான். ஒருவர் கண் கலங்குவார், ஒருவர் இயக்குநரைத் திட்டுவார், ஒருவர் மைக்கைப் பிடுங்கிப் பாட்டுப் பாடுவார். எல்லாவற்றையும் போனிலேயே வெட்டி ஒட்டி, இடையிடையே சிரிப்புச் சத்தம் சேர்த்து, 'குறிச்சி டாக்கீஸ்' என்ற தன் யூடியூப் சேனலில் பொழுது சாய்வதற்குள் போட்டுவிடுவான்.

காலை வேளையில் அவன் கடைப் பையன். அவன் அத்தா முகம்மது கவுஸ் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் குடமும் அண்டாவும் சீர்ப் பாத்திரமும் அங்கேதான் வாங்குவார்கள். பைரோஸ் பி.காம். முடித்துச் சென்னைக்குப் போய், ஒரு வருஷம்கூடத் தங்காமல் திரும்பி வந்தவன். அதற்குப் பிறகு கடைவீதியில் யாராவது "இன்னா தம்பி, வந்துட்டியா?" என்று கேட்டால் அவனுக்கு முகம் சுருங்கிப் போகும். சேனல் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி நின்றது. "ப்ரோ, நேத்து வீடியோ செம" என்று முன்பின் தெரியாதவர்கள் பைக்கை நிறுத்திச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எவ்வளவு வெயிலிலும் நிற்பான்.

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, வரவேண்டிய பெரிய படம் கடைசி நேரத்தில் வரவில்லை. தியேட்டர்காரர்கள் திரையைச் சும்மா விடக்கூடாதே என்று எங்கிருந்தோ ஒரு பழைய வெளிநாட்டுப் படத்தைப் பிடித்துப் போட்டார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். புதிதாகச் சுத்தம் செய்து தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். 'விண்ணரக்கன்' என்று பேரும் வைத்து, போஸ்டரில் ராக்கெட்டும் நெருப்பும் போட்டிருந்தார்கள். படத்தில் அரக்கனும் இல்லை, நெருப்பும் இல்லை. எங்கோ ஒரு தூரத்துக் கோளில் ஒரு ஆள் தனியாக ஒரு விளக்கைக் காத்துக்கொண்டிருக்கிறான். வழி தவறி வரும் விண்கலங்களுக்காக வைத்த விளக்கு. கலம் எதுவும் வருவதில்லை. அவன் தினமும் கண்ணாடியைத் துடைக்கிறான், சன்னல் வழியே பார்க்கிறான், தனக்குள் பேசிக்கொள்கிறான். இரண்டரை மணி நேரம் இதுதான் படம். உலகம் முழுக்க அதை மேதைகளின் படம் என்று சொல்கிறார்களாம்.

பைரோஸுக்கு இது அல்வா மாதிரி. சண்டைப் படம் என்று நினைத்துப் போனவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். முடிவதற்கு முன்பே எழுந்து வருகிறவர்கள்தான் நல்ல சரக்கு. அதனால் அரைமணி முன்னதாகவே போய் வாசலில் நின்றான்.

கல்லூரிப் பையன்கள் சிலர் முதலில் வந்தார்கள். "ப்ரோ, இடைவேளைல பாப்கார்ன் வாங்கிக்கினு போனேன். தின்னு முடிச்சேன். அதுவரைக்கும் அந்தாளு மாடிப்படி ஏறிக்கினே இருக்கான் ப்ரோ" என்றான் ஒருவன். எலவனாசூர்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், "ராக்கெட்டு எங்கடா? போஸ்டர்ல இருக்குற ராக்கெட்டு எங்க?" என்று மைக்கைப் பார்த்தே கத்தினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார். மனிதன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதுதான் படத்தின் கேள்வி, அதைக் கேட்க நமக்குப் பொறுமை இல்லை என்றார். பைரோஸ் தலையை ஆட்டிக்கொண்டே, இவரை வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தான்.

அப்போதுதான் அந்த அம்மா வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கசங்கின புடவை, கையில் ஒரு வயர்கூடை, கூடையில் பிளாஸ்க். வெயில் பட்டதும் கண் கூச நின்றார். கன்னத்தில் நாற்காலிக் கையின் தடம் அப்படியே பதிந்திருந்தது. பைரோஸ் மைக்கை நீட்டினான்.

"படம் எப்படிம்மா இருந்துச்சு?"

"படமா?" அவர் சிரித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஜில்லுனு காத்து. ஒரு ஆளு வெளக்கத் தொடைச்சுக்கினே இருந்தாரு. சத்தமே இல்ல. நல்லா தூக்கம் வந்துச்சு. எழுந்து பாத்தா அப்பவும் அந்த வெளக்கத்தான் தொடைச்சுக்கினு இருக்காரு!"

பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பைரோஸும் சிரித்தான். "எதுக்கும்மா தொடைக்கிறாரு?"

"ஆராவது வருவாங்கன்னுதான். வராட்டி மட்டும்? தொடைக்காம வுட்டா முடியுமா?" அவர் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். "எங்க மாமியா வாதம் வந்து ஆஸ்பத்திரில கெடக்குது தம்பி. நானும் பத்து நாளைக்கு மேல அதத் தொடைச்சுக்கினுதான் இருக்கேன். கண்ண மூடல. பக்கத்துப் படுக்கைப் பொண்ணு, நான் பாத்துக்கறேன், போய் செத்த நேரம் எங்கனா படுத்துட்டு வாக்கான்னு அனுப்பிச்சுது. எங்க போய்ப் படுக்கறது? இங்கதான் காத்து வரும்னாங்க, வந்தேன்." சட்டென்று முகம் மாறியது. "இதப் போட்டுடாத தம்பி. வூட்ல தெரிஞ்சா பேசுவாங்க."

"போட மாட்டேம்மா" என்றான் பைரோஸ். அவர் வேகவேகமாக ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தபோது 'இத' என்று அவர் சொன்னது எதை என்ற கேள்வி அவனுக்கு வந்தது. வராமல் இல்லை. மாமியார் கதையைத்தான் சொன்னார், அதை எடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டான். 'நல்லா தூக்கம் வந்துச்சு' வரைக்கும் வைத்துக்கொண்டான். கன்னத்துத் தடம் தெரிகிற மாதிரி முகத்தைப் பெரிதாக்கினான். குறட்டைச் சத்தம் ஒன்றைச் சேர்த்தான், அதன் பின்னால் பெரிய சிரிப்பு. 'உலக சினிமாவுக்கு நம்ம ஊரு விமர்சனம்' என்று தலைப்பு வைத்தான்.

அவன் போட்ட வீடியோ எதுவும் அதற்குமுன் அந்த ஓட்டம் ஓடியதில்லை. மறுநாளே அது கள்ளக்குறிச்சியைத் தாண்டிவிட்டது. அந்த அம்மாவின் முகத்தை யாரோ வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். பரீட்சை, ஆபீஸ் மீட்டிங், கட்சிக்காரர் பேச்சு, எதற்கும் அந்த முகம்தான், கீழே 'நல்லா தூக்கம் வந்துச்சு'. சென்னையில் அவனோடு அறையில் இருந்தவர்கள்கூடக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து வீடியோவின் கீழே ஒரு கருத்து வந்தது. "இது எங்க வெள்ளிமலை ராணியம்மா. மாமியா ஆஸ்பத்திரில சாவ கெடக்கும்போது படம் பாத்துக்கினு இருந்திருக்குது. கெழவி செத்துப் போச்சு." அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

பைரோஸ் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு அந்தக் கருத்தை மட்டும் அழித்தான். வீடியோவை அழிக்கவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாளில் அவன் நினைத்து நினைத்துக் குன்றிப்போனது, வெட்டினதைவிட இதற்காகத்தான்.

மறு வாரம் மலைமேல் வெள்ளிமலையிலிருந்து ஜீப் டிரைவர் பழனி கடைக்கு வந்தார். ஒரு கருமாதிக்குப் பாத்திரம் வாங்க வந்தவர். அத்தா விலை சொல்லிக்கொண்டிருக்க, பழனி பைரோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வீடியோ போடறது நீங்கதானே?"

வழக்கமான பாராட்டு என்று நினைத்து பைரோஸ் சிரித்தான். "ஆமாண்ணா."

"இந்தக் கருமாதியே அந்த ராணியம்மாவோட மாமியாளுக்குத்தான்" என்றார் பழனி. குரலை உயர்த்தவில்லை. "பொணத்த என் ஜீப்புலதான் மேல கொண்டாந்தோம். ராணியம்மா மடியில தலைய வெச்சுக்கினு வந்துச்சு. வூட்டுக்குப் போனா, நாத்தனாகாரி போன எடுத்து உங்க வீடியோவப் போட்டுடுச்சு. பொணத்துக்குப் பக்கத்துல. சிரிப்புச் சத்தமும் கொறட்டையும் அந்த வூடு முழுக்கக் கேக்குது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாக்காத பொம்பள அது. எங்க ஆத்தாள வுட்டுட்டு சினிமா பாத்தியான்னு ஒரே கத்தல். குளிப்பாட்டறப்ப ராணியம்மாவக் கிட்டயே சேக்கல. அது மாட்டுக்கொட்டாயாண்ட தனியா நின்னுக்கினு இருந்துச்சு. புருசனும் ஊர்ல இல்ல, கேரளாவுல டவர் கெடைக்காத தோட்டத்துல வேலை, சேதியே இன்னிக்குத்தான் போச்சு."

அத்தா தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இன்னா வீடியோ?" என்று கேட்டார். பழனிதான் தன் போனில் காட்டினார். முகம்மது கவுஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். குறட்டைச் சத்தம் வந்த இடத்தில் தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார். திட்டவில்லை. பழனிக்குப் பாத்திரங்களைத் தானே துடைத்துக் கட்டிக் கொடுத்து, வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார். மகனைக் கூப்பிடவில்லை.

அன்றைக்கே பைரோஸ் வீடியோவை எடுத்துவிட்டான். எடுத்து என்ன? நூறு பக்கங்களில் அது இருந்தது. ஒவ்வொருவராகத் தேடி, எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி எழுதினான். சிலர் எடுத்தார்கள். சிலர், "பேர் வாங்கினது நீ, இப்ப இன்னா நல்லவன் வேஷம்?" என்று கேட்டார்கள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலையேறினான். வெள்ளிமலையில் விசாரித்து, ஊருக்கு வெளியே ஒரு மரவள்ளிக் கொல்லையை ஒட்டியிருந்த அந்த வீட்டைக் கண்டுபிடித்தான். ராணியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் முறம் கையில் அப்படியே நின்றது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

உள்ளேயிருந்து நாத்தனார் வந்தாள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டவள், கருமாதிவரைக்கும் தங்கியிருந்தாள். பைரோஸ் அவளிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். அந்தம்மா தூங்கத்தான் வந்தார், போடாதே என்றுதான் சொன்னார், தப்பு என்னுடையது என்று அவசர அவசரமாகச் சொன்னான். அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து நாலு பேர் கூடிவிட்டார்கள்.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவளுக்காவ சாட்சி சொல்ல நீ யாரு? இவ கூப்பிட்டாளா? போன் நம்பரு உங்கிட்ட இருக்குதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "போயிடு தம்பி" என்றார். "புண்ணியமாப் போவும், போயிடு."

இறங்கி வரும்போது ஒரு கொண்டைஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டினான். சரிசெய்யப் போய் இன்னும் ஒரு பழியைச் சுமத்திவிட்டு வந்திருக்கிறோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் அம்மா காசிம் பீவி அவன் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்து விடாமல் கேட்டார். சொன்னான். அவர் கோபத்தில் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அறிவிருக்குதாடா உனக்கு? புருசன் ஊர்ல இல்லாத பொம்பள. எளவு வூடு. நீ வயசுப் பையன் பைக்குல போய் எறங்கி, அந்தம்மா நல்லவங்கன்னு சொன்னா, ஊரு இன்னா நெனைக்கும்? மொதல்ல வெளையாட்டுக்குக் கெடுத்த. இப்ப நல்லது பண்றேன்னு கெடுத்திருக்க."

"இப்ப இன்னாம்மா பண்றது?"

"நான் வரேன். நீ பின்னால வா. நான் சொல்றவரைக்கும் வாயத் தொறக்காத."

கருமாதி முடிந்த மறுநாள் இருவரும் பஸ்ஸில் போனார்கள். மலைப்பாதையில் காசிம் பீவிக்கு வாந்தி வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார். பைரோஸ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

ராணியம்மாளின் கணவர் சின்னராசு கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையிலிருந்து வந்திருந்தார். தாய் இறந்த சேதி தாமதமாகக் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மொட்டைத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காசிம் பீவி யாரும் சொல்வதற்கு முன்பே தரையில் அமர்ந்தார்.

"நான் இவனப் பெத்தவ. கள்ளக்குறிச்சில பாத்திரக் கடை எங்களுது. என் புள்ள உங்க வூட்டுக்காரம்மாவுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டான். அவன் ஒழுங்கா வளராதது என் தப்பு. அந்தம்மா அன்னிக்குப் பேசினது முழுசா இவன் போன்ல இருக்குது. அவங்களுக்குச் சம்மதம்னா மட்டும் நீங்க ஒருதடவ பாருங்க."

எல்லோரும் ராணியம்மாளைப் பார்த்தார்கள். அவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "காட்டுங்க" என்றார்.

சின்னராசு போனை வாங்கிப் பார்த்தார். நாத்தனார் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் இல்லை. தெருவில் போகிற பஸ்ஸின் ஹாரனும் ராணியம்மாளின் குரலும்தான். 'நானும் பத்து நாளைக்கு மேல அதத் தொடைச்சுக்கினுதான் இருக்கேன்' என்ற இடத்தில் சின்னராசு கண்களை மூடிக்கொண்டார். 'இதப் போட்டுடாத தம்பி' என்று வந்தது. பிறகு, 'போட மாட்டேம்மா' என்று பைரோஸின் குரலும் வந்தது. அந்தச் சின்ன வீட்டில் அவ்வளவு பேருக்கு நடுவில் தன் குரலைத் தானே கேட்டபோது அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அம்மா அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

நாத்தனார்தான் முதலில் பேசினாள். "இத அன்னிக்கே போட்டிருந்தா இன்னா?" என்றாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மன்னிப்பு எதுவும் அவள் கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெகுநேரம் திரும்பவில்லை.

"நானும் அவ பேச்சக் கேட்டு ரெண்டு நாள் உன்கிட்ட மூஞ்சி குடுக்கல" என்றார் சின்னராசு மனைவியிடம்.

ராணியம்மாள் பைரோஸின் பக்கம் திரும்பினார். "தூங்கினேன்னு சொன்னது நெசம்தான் தம்பி. அதுல எனக்கு வெக்கம் இல்ல. நான் கொறட்ட வுட்டா மாதிரி ஒரு சத்தம் போட்டியே, அது எதுக்கு?"

சிரிப்பு வருவதற்காக என்று எப்படிச் சொல்வது?

"சரி வுடு. கெழவியக் கடைசியா ஒருதடவ குளிப்பாட்டி அனுப்பணும்னு நெனச்சேன். அது ஒருதடவதானே. இனிமே இன்னா பண்ண முடியும்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போலக் கேட்டார். "ஆமா, அந்தப் படத்துல கடசீல ஆராவது வந்தாங்களா? நான் பாதியில எழுந்து ஓடிட்டேன்."

பைரோஸ் தலையைக் குனிந்தான். "தெரியலம்மா. நான் அந்தப் படம் பாக்கல."

"பாக்காமயா எல்லாரையும் கேட்ட?"

அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். திரும்பி வரும் பஸ்ஸில் அவனை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

அந்த வாரமே அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்தான். கடையில் ஆள் கம்மியாக இருக்கும் மதிய வேளைகளில், அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தான். முதல் நாள் கை தானாகவே தள்ளி ஓட்டப் பார்த்தது. பெரிய ஞானமெல்லாம் அவனுக்கு வரவில்லை. பல இடங்களில் அலுப்பாகத்தான் இருந்தது. முடிவில் தூரத்தில் ஒரு கலம் தெரிகிறது. நிற்காமல் போய்விடுகிறது. அந்த ஆள் கொஞ்ச நேரம் சன்னலில் நின்றுவிட்டு, உள்ளே போய் எதையோ சாப்பிடுகிறான். அவ்வளவுதான். பழனி அடுத்த முறை கீழே வந்தபோது இதை அப்படியே சொல்லி அனுப்பினான். ராணியம்மாள் கேட்டுக்கொண்டு, "சாப்பிட்டானா, சரி" என்றாராம்.

பைரோஸ் இப்போதும் சிலசமயம் தியேட்டர் வாசலில் நிற்கிறான். பேசுகிறவர்களிடம் வெட்டின வீடியோவைக் காட்டிவிட்டுத்தான் போடுகிறான். "அப்படியே போடுங்க" என்பவர்கள் உண்டு, "வேணாம் சார்" என்பவர்கள்தான் ஜாஸ்தி. சேனலைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலும் கடையில்தான் இருக்கிறான்.

ஆனால் அந்த ஸ்டிக்கர் இன்னும் நிற்கவில்லை. போன வாரம்கூட ரிஷிவந்தியத்திலிருந்து சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். "தூங்கின அம்மா வீடியோ உங்களுதுதானே? எங்க குரூப்ல இன்னும் அதான் ஓடுது" என்று சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார்.

பைரோஸ் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தான். "உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். முதலிலிருந்து சொன்னான். ஆஸ்பத்திரியில் கிடந்த கிழவியை, தான் கொடுத்த வாக்கை, அழித்துவிட்ட அந்தக் கருத்தை, மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக நின்றவரை. ஒன்றையும் மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறான். யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் இப்படி உட்காரவைத்துச் சொல்கிறான். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவன் முகம் சிவக்கிறது. கல்லாவில் முகம்மது கவுஸ் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ துடைத்துக்கொண்டிருப்பார்.

கேட்டவர்களில் சிலர் அங்கேயே அழித்துவிடுவார்கள். இந்த ரிஷிவந்தியத்துக்காரர் அழிக்கவில்லை. "ஐயோ பாவம்" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த எவர்சில்வர் தவலை இன்னா விலை என்று கேட்டார். பைரோஸ் எடுத்துக் காட்டினான்.